‘ஜென்டில்மென்ஸ் கிளப்’: ‘தனிமன்றம்’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

உறுப்பினர்கள் மட்டும் கூடும் தனியார் அமைப்பைக் குறிக்கும் ‘ஜென்டில்மென்ஸ் கிளப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘கனவான்கள் மன்றம்’, ‘மனமகிழ் மன்றம்’ ஆகிய இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. ஒரு கலைச்சொல் தாங்குமா என்பதை அறிய, பலரும் அறிந்த பெரிய கிளப்புகளைவிட, வரம்பின் ஓரத்தில் நிற்கும் ஒன்றில் அதைப் பொருத்திப் பார்ப்பதே நல்லது. ஆகவே, லண்டனில் 1659ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தோன்றி 1660 பிப்ரவரியில் மறைந்த ‘ரோட்டா’ என்னும் அரசியல் விவாத மன்றத்தை எடுத்துக்கொள்கிறேன்.

‘ஓசியானா’ என்னும் குடியரசு நூலை 1656இல் வெளியிட்ட ஜேம்ஸ் ஹாரிங்டன் இதன் தலைமகன். வெஸ்ட்மின்ஸ்டரில் மைல்ஸ் என்பவரின் காப்பிக் கடையில் மாலைதோறும் கூடினார்கள். அங்கிருந்த பெரிய நீள்வட்ட மேசையின் நடுவே, மைல்ஸ் உள்ளே வந்து காப்பி கொடுப்பதற்கென்றே ஒரு வழி விடப்பட்டிருந்ததாக உறுப்பினர் ஜான் ஆப்ரி எழுதிவைத்திருக்கிறார். மன்னராட்சியை ஒழித்திருந்த இங்கிலாந்தில் அது மீளுமா மீளாதா என்று நாடே தவித்திருந்த அந்த மாதங்களில், இவர்கள் குடியரசின் அமைப்பு விதிகளை ஒவ்வொன்றாக விவாதித்து, வாக்குப் பெட்டி வைத்து முடிவு கண்டார்கள். தளபதி மங்க் லண்டனுக்குப் படையுடன் வந்து, விலக்கப்பட்டிருந்த உறுப்பினர்களை நாடாளுமன்றத்தில் மீண்டும் அமர்த்தி, மன்னராட்சி மீள வழி திறந்ததும் எல்லாம் கலைந்துபோயின.

அங்கே கனவான்கள் திரண்டிருந்தார்கள் என்று நாட்குறிப்பில் எழுதிய சாமுவேல் பீப்ஸ் ஒரு தையற்காரரின் மகன். அங்கே வந்த மற்றொருவரான வில்லியம் பெட்டியும் துணித்தொழில் குடும்பத்தவரே. தமிழில் ‘கனவான்’ என்றதும் செல்வமும் செல்வாக்குமே முன்னால் வருவதால் அச்சொல் இங்கே பொருந்தவில்லை. ‘மனமகிழ் மன்றம்’ என்றாலோ நம் ஊரில் சீட்டாட்ட மேசையும் மதுக்கூட உரிமமும்தான் நினைவுக்கு வரும்.

ஆகவே ‘தனிமன்றம்’ என்று முன்மொழிகிறேன். மன்றம் என்பதே ஊர்ப்பொதுவிடம், அதன்முன் ‘தனி’ சேர்த்தால் முரணாகாதா என்று கேட்கலாம். அந்த முரண் இப்பொருளிலேயே இருக்கிறது. காப்பிக் கடைக்குள் எவரும் நுழையலாம்; மன்றத்தில் சேர்வதற்கோ பீப்ஸ் 1660 ஜனவரியில் 18 பென்ஸ் கொடுத்தார். பொதுக் கடைக்குள், பணம் கட்டிச் சேர்ந்தவர்களின் தனி அமைப்பு என்பதைத்தான் நம் சொல் காட்ட வேண்டும்.

லத்தீனில் சக்கரம் எனப் பொருள்படும் ‘ரோட்டா’ என்ற பெயரைச் ‘சுழல்மன்றம்’ என்று மாற்ற வேண்டாம். ரோட்டரி சங்கத்துடன் குழப்பம் வரும். பெயருக்கு அடியிலுள்ள கருத்துக்குச் ‘சுழற்சி முறை’ போதும். நாடாளும் அவையின் மூன்றில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் விலகப் புதியவர்கள் வரவேண்டும் என்றார் ஹாரிங்டன்; நம் மாநிலங்களவையில் இது ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கிறது.

அவர்களுடைய வாக்கெடுப்பைக் ‘குடவோலை’ என்று எழுதுவதை மட்டும் ஏற்க இயலவில்லை. உத்திரமேரூரில் ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தது திருவுளச்சீட்டு; ரோட்டாவில் நடந்ததோ அவரவர் விருப்பத்தைத் தெரிவிக்கும் வாக்கு. அதற்கு ‘பெட்டி வாக்கு’ என்பது சரியாக இருக்குமா, இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா என்று அன்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.