அட்டோர்வாஸ்டாட்டினும் தொடை வலியும்: மாற்று மருந்துக்கு மாறியவர்கள் உதவுங்கள்

வயது 52. எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 178 இருந்ததால் டாக்டர் கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. எழுதிக் கொடுத்தார். சில மாதங்களில் 102-க்கு இறங்கிவிட்டது. அந்த வகையில் மருந்தின் மேல் குறையே சொல்ல முடியாது.

பிரச்சினை தொடையில். இரண்டாவது மாதத்திலிருந்து இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி மந்தமான வலி. நாற்காலியிலிருந்து எழ வேண்டுமானால் கையை ஊன்றித்தான் எழுகிறேன். மாடிப்படியில் பாதி தூரத்திலேயே கால் கனத்துவிடுகிறது. மூட்டு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீர் நிறமும் மாறவில்லை.

இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றிப் பார்த்தாயிற்று. பலனில்லை. (இந்த மருந்து உடம்பில் நீண்ட நேரம் தங்குவதால் எந்த நேரமும் ஒன்றுதானாம்.) ரத்தப் பரிசோதனையில், தசை பாதிப்பைக் காட்டும் சிகே சற்றே கூடுதல். தைராய்டு, வைட்டமின் டி, கல்லீரல் எல்லாம் சரி. டாக்டர் சொல்லிக் கொஞ்ச நாள் நிறுத்தியபோது வலி ஏறக்குறைய போய்விட்டது, மறுபடி தொடங்கியதும் வந்துவிட்டது. வேறு மருந்து என்றால் ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் மட்டும்.

நானாக நிறுத்தப் போவதில்லை. அப்பாவுக்குச் சிறு வயதிலேயே மாரடைப்பு வந்தது.

டாக்டர் இரண்டு வழி சொல்லி, யோசித்து வரச் சொல்லியிருக்கிறார்: அதே வகையைச் சேர்ந்த ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி., இல்லையென்றால் அட்டோர்வாஸ்டாட்டினை 10 ஆகக் குறைத்து, கொழுப்பைக் குறைக்கும் வேறு வகை மருந்தான எசெடிமைப் சேர்ப்பது.

இதே மாதிரி தொடை வலி வந்து இவற்றில் ஒன்றுக்கு மாறியவர்கள் இருந்தால், எதில் வலியும் நின்று எல்டிஎல்லும் ஏறாமல் இருந்தது?