மஞ்சளும் இரைப்பைப் புற்றுநோயும்: அப்பாவுக்குக் குர்குமின் மாத்திரை கொடுக்கலாமா?

வைகைக்கரை:
என் அப்பாவுக்கு வயது 64. பசியின்மையும் நெஞ்செரிச்சலும் மாதக்கணக்கில் நீடித்ததால் எண்டோஸ்கோப்பி செய்தோம். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருப்பதாகவும், இரைப்பையின் உட்சுவர் சில இடங்களில் குடலின் சுவரைப் போல மாறியிருப்பதாகவும், புற்றுநோய் இல்லை என்றும் திசுப் பரிசோதனை அறிக்கையில் இருந்தது. கிருமியை ஒழிக்க மருத்துவர் 14 நாள் மருந்து கொடுத்தார். வாயெல்லாம் கசக்கிறது என்று அப்பா மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார். இப்போது, மஞ்சள் இரைப்பைப் புற்றுநோயை அண்டவிடாது என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, அதிகாலையில் வெந்நீரில் மஞ்சள் தூளும் மிளகுத் தூளும் கலந்து குடிக்கிறார். டம்ளரின் அடியில் மஞ்சள் வண்டலாகப் படிந்திருந்தால் அதையும் சுழற்றிக் குடித்துவிடுகிறார். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருளின் மாத்திரையும் வேண்டும் என்கிறார். வாங்கித் தரலாமா?

மருந்தாளுநர்:
மஞ்சளைப் பற்றிய நம்பிக்கை வெறும் கட்டுக்கதை அன்று. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் இரைப்பைப் புற்றணுக்களின் பெருக்கத்தைக் குர்குமின் தடுக்கிறது. அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளையும் தணிக்கிறது. ஆனால் மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உண்டு. விழுங்கியதில் இரத்தத்தில் சேருவதோ மிகச் சொற்பம். தைவானில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில் நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமின் வரை கொடுத்தார்கள்; அவ்வளவு குர்குமினை மஞ்சள் தூளாகவே உண்பதானால் தினமும் கால் கிலோவுக்கு மேல் வேண்டும். உங்கள் அப்பாவுக்கு இருப்பது போன்ற திசு மாற்றம் கொண்ட ஆறு பேரில் ஒருவருக்கு மட்டுமே அதில் முன்னேற்றம் தெரிந்தது. ஒப்பிடுவதற்கு மருந்து பெறாத குழுவும் இல்லை.

கிருமியைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் தெளிவு. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், குர்குமினை முக்கியமாகக் கொண்ட ஏழு நாள் சிகிச்சை பெற்ற 25 பேரில் மூவருக்கே கிருமி ஒழிந்தது. அந்தக் கிருமியைத்தான் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக, அதாவது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானதாக, அறிவித்தது. அப்பா நிறுத்திய மருந்துதான் அவருக்கு உண்மையான தடுப்பு.

கொங்குப் பெண்:
சகோதரி, என் மாமியாரும் இதே கசப்பைச் சொல்லித்தான் பாதியில் விட்டார். மருத்துவரிடம் திரும்பப் போனபோது, மீதி மாத்திரைகளை விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, கிருமி அந்த மருந்துக்குப் பழகியிருக்கலாம் என்று சொல்லி வேறு மருந்துகளை எழுதினார். சாப்பிட்டதும் மாத்திரை, பிறகு வாயில் ஒரு கற்கண்டு என்று 14 நாளையும் ஓட்டினோம். மஞ்சள் போட்ட குழம்பையும் பாலையும் அவர் ஒருநாளும் நிறுத்தவில்லை, மருத்துவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. அப்பா இதயத்துக்காக ஆஸ்பிரினும் எடுக்கிறார். சமையலில் சேர்க்கும் மஞ்சளால் தொந்தரவு இல்லையே?

மருந்தாளுநர்:
சமையல் அளவால் கவலை இல்லை. மாத்திரைதான் வேறு: குர்குமின் இரத்தம் உறைவதை ஓரளவு குறைக்கக்கூடியது என்பதால், ஆஸ்பிரினோடு சேரும்போது இரத்தக் கசிவுக்கு இடமுண்டு. மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. எனவே வாங்க வேண்டாம். மருந்து முடிந்து நான்கு வாரமாவது கழித்து, கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனை செய்யுங்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை அதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால் தேதியை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அடுத்த எண்டோஸ்கோப்பி எப்போது என்பதையும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.