அரங்கு வீட்டுக் கணக்குப் புத்தகம்

(குடும்பக் குழுவில் போனில் நடந்த அரட்டை. அரங்கு வீடு என்பது வீட்டுக்குள் சாமான் வைக்கும் உள்ளறை.)

சங்கரன் பெரியப்பா: அரங்கு வீட்டு மரப்பெட்டியில் பூட்டன் கைப்பட எழுதிய கணக்குப் புத்தகம் இருக்கிறது. ராமபாணப் பூச்சி அரித்து ஓரமெல்லாம் சல்லடை. [படம்]

முத்து: சேரன்மகாதேவியில் லேமினேஷன் போடுகிறார்கள் பெரியப்பா. தாள் தாளாகப் பிரித்துக் கொடுத்துவிடலாமா?

செல்வி: வேண்டவே வேண்டாம் முத்து! சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரித்தால் தாளும் கூடவே வந்துவிடும். செல்லோடேப்பும் ஒட்டாதே, பசை மஞ்சளாக இறங்கிவிடும். தையலைப் பிரித்தால் எந்தத் தாள் எதற்கடுத்து என்பதே போய்விடும்.

சங்கரன் பெரியப்பா: வெயிலில் காட்டலாமா தாயி?

செல்வி: மை வெளுத்துவிடும் பெரியப்பா. நிழலில் காற்றாட வையுங்கள். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, கஞ்சி போகத் துவைத்த கோராத் துணியில் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் அதற்கே பூச்சி வரும். பக்கத்தில் ஒரு முடிச்சு வசம்பு போதும். சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், ஓதம் ஏறும்.

பார்வதி அத்தை: சரஸ்வதி பூஜைக்கு அப்பா அதற்குச் சந்தனம் வைப்பார்கள். அட்டையில் கறை இருக்கா அண்ணே?

சங்கரன் பெரியப்பா: இருக்கு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே கொல்லம் என்று போட்டு ஏதோ எண். 'தாது வருஷம் கார்த்திகை' மட்டும் புரிகிறது. [படம்]

செல்வி: ௲௫௰௨. அதாவது 1052. நம் திருநெல்வேலிப் பக்கம் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். கார்த்திகைக்கு 824 கூட்டினால் ஆங்கில வருஷம் 1876. தாது வருஷமும் அதுதான், ரெண்டும் ஒத்துப்போகிறது. பெரியப்பா, அது தாது வருஷப் பஞ்சம்!

முத்து: அதில் வரிசையாக ஆள் பேரும் நெல்லும் இருக்கே அக்கா. கோட்டை, மரக்கால் என்று அளவு போட்டு.

செல்வி: 21 மரக்கால் ஒரு கோட்டை. நெல் கடன் கொடுத்திருக்கிறார் போல. திரும்பி வந்ததற்குக் கோடு அடித்திருக்கா?

சங்கரன் பெரியப்பா: நாலு பேருக்குத்தான். மற்றதெல்லாம் அப்படியே நிற்கிறது.

பார்வதி அத்தை: கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பஞ்சத்தில் யாரிடம் போய்க் கேட்பது?

செல்வி: எனக்கும் அப்படி நினைக்கத்தான் ஆசை அத்தை. ஆனால் அடுத்த ஈசுவர வருஷத்தில் பாக்கியாக ஏற்றியிருக்கலாம். அதைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் வெற்றுப் பக்கம் உட்பட எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும். பிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, போனை நேர் மேலே பிடிக்கணும். இங்கே போட்டோவாகப் போட்டால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பு முத்து.

முத்து: சரி அக்கா. சனிக்கிழமை வீரவநல்லூர் போய்ப் படம் எடுக்கிறேன்.

சங்கரன் பெரியப்பா: ஈசுவர வருஷத்தில் ரெண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது தாயி.

செல்வி: அதைத் தொடாதீர்கள் பெரியப்பா. அப்படியே இருக்கட்டும், பொங்கலுக்கு வந்து நான் பார்க்கிறேன்.