அவசரம்: போஸ்ட் 201 தருகிறது, அதே ஐடிக்கு கெட் அடித்தால் 404

அரைத்தூக்கம்
வணக்கம் நண்பர்களே. ஆர்டர் ஏபிஐயில் (ஆப்புகள் சர்வரோடு பேசும் வழி) மூன்று மணி நேரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். போஸ்ட் (புது ஆர்டரை உருவாக்கும் கோரிக்கை) அடித்தால் 201, அதாவது ‘உருவானது’, வருகிறது, பாடியில் ஐடியும் வருகிறது. அந்த ஐடியை வைத்து அடுத்த வரியிலேயே கெட் (படிக்கும் கோரிக்கை) அடித்தால் 404, அதாவது ‘கிடைக்கவில்லை’. டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால் ரோ பத்திரமாக இருக்கிறது. நேற்று வரை ஓடிக்கொண்டிருந்தது, கோடில் எதையும் தொடவில்லை. நாளை காலை ரிலீஸ். யாராவது இதைப் பார்த்திருக்கிறீர்களா?

பின்கட்டு
சர்வர் எந்த மொழி? கெட்டை எங்கிருந்து அடிக்கிறீர்கள், பிரவுசரா, கட்டளை வரிக் கருவியான கர்லா? போஸ்ட்டுக்கு வந்த பதிலை அப்படியே ஒட்டுங்கள். 404 உங்கள் ஆப் தருவதா, முன்னால் நிற்கும் ப்ராக்ஸி தருவதா? இவை தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

கிணற்றடி
ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகல்) தாமதம், சந்தேகமே வேண்டாம். எழுதுவது பிரைமரிக்குப் போகிறது, படிப்பது ரெப்ளிகாவிலிருந்து வருகிறது. ரோ அங்கே போய்ச் சேர்வதற்குள் கெட் முந்திக்கொள்கிறது. எங்களை இரண்டு நாள் அலைக்கழித்த விஷயம் இது. பத்து விநாடி விட்டு மறுபடி கெட் அடித்துப் பாருங்கள்.

நூல்கண்டு
கேஷையும் (பழைய பதிலைச் சேமித்து வைக்கும் இடம்) பாருங்கள். 404 பதிலையும் கேஷ் வைத்துக்கொள்ள இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 9110 இடம் கொடுக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

பின்கட்டு
நூல்கண்டு, இப்போதுதான் பிறந்த ஐடி அது. அதற்கு முன்பு யாரும் அந்த முகவரிக்கு கெட் அடித்திருக்க முடியாதே. கேஷில் எப்படி உட்கார்ந்திருக்கும்?

மூத்த_குயவன்
தம்பி, அடிப்படையிலிருந்து வருகிறேன். 201 தருகிற சர்வர், உருவான பொருளின் முகவரியை லொகேஷன் ஹெடரில் (பாடிக்கு வெளியே பதிலோடு வரும் குறிப்பு வரி) தர வேண்டும். க்ளையன்ட் அந்த முகவரியைப் பின்தொடர வேண்டும். ஐடியைப் பிய்த்து எடுத்து யுஆர்எல்லில் ஒட்டவைப்பது க்ளையன்டின் வேலையே இல்லை. ரெஸ்ட் என்ற ஏபிஐ முறையை வகுத்த ராய் ஃபீல்டிங் 2000இல் ஆய்வேட்டில் எழுதி வைத்த கொள்கையிலிருந்து வருவது இது. படிக்காமல் ஏபிஐ கட்ட இறங்கினால் இப்படித்தான் ரிலீஸுக்கு முந்தைய நாள் இங்கே வந்து நிற்க வேண்டியிருக்கும்.

அரைத்தூக்கம்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். சர்வர் கோ மொழி. முன்பக்கம் ரியாக்ட் (பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்). கர்லில் அடித்தால் 200 சரியாக வருகிறது! ஆண்ட்ராய்டு ஆப்பிலும் வருகிறது. பிரவுசரில் மட்டும்தான் 404. பத்து விநாடி இல்லை, பத்து நிமிடம் காத்திருந்தும் பார்த்துவிட்டேன், அதேதான். 404 எங்கள் ஆப் தருவதுதான், லாகில் விழுகிறது. பதிலை ஒட்டவில்லை, ஏனென்றால் உள்ளே வாடிக்கையாளர் விவரம் இருக்கிறது. பழைய ஆர்டர்கள் எல்லாம் பிரவுசரிலும் திறக்கின்றன.

வாசற்படி
பிரவுசரில் மட்டும் உடைகிறது என்றால் கோர்ஸ் (வேறு முகவரியிலிருந்து வரும் பதிலைப் பிரவுசர் தடுக்கும் விதி). ஏபிஐ வேறு சப்டொமைனில் இருக்கிறதா?

பின்கட்டு
கோர்ஸ் தடுத்தால் ஃபெட்ச் பிழையோடு விழும், 404 என்ற எண்ணே க்ளையன்ட் கோடின் கைக்கு வராது. இவருக்கு நிலை எண் வந்திருக்கிறது, சர்வர் லாகிலும் பதிவாகியிருக்கிறது. கோர்ஸ் இல்லை.

கிணற்றடி
பத்து நிமிடம் காத்தும் வரவில்லை என்றால் ரெப்ளிகா ஓட்டமே நின்றுபோயிருக்கலாம். அதைப் பார்த்தீர்களா?

அரைப்புள்ளி
கிணற்றடி, ரெப்ளிகா நின்றிருந்தால் கர்லுக்கும் 404தானே வர வேண்டும்.

அரைத்தூக்கம், வாடிக்கையாளர் விவரம் வேண்டாம். இரண்டே இரண்டு எண் போதும். டேட்டாபேஸில் இருக்கும் ஐடி முழுதாக, எல்லா இலக்கங்களும். அப்புறம் அந்த 404 விழுந்த கெட்டின் யுஆர்எல்லில் இருக்கும் ஐடி, சர்வர் லாகிலிருந்து. இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் போடுங்கள். பழைய ஆர்டர்கள் திறக்கின்றன என்றீர்களே, அவற்றின் ஐடி எத்தனை இலக்கம்?

அரைத்தூக்கம்
டேட்டாபேஸ்: 1153237553986718517
லாக்: 1153237553986718500

கடைசி இரண்டு இலக்கம் வேறு! நான் முன்பாதியை மட்டும் கண்ணால் ஒப்பிட்டுவிட்டு ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன். பழைய ஆர்டர் ஐடி எல்லாம் ஆறு, ஏழு இலக்கம். போன வாரம் இன்னொரு டீம் ஐடி உருவாக்கும் முறையை மாற்றியது, அது நேற்று ஸ்டேஜிங்குக்கு (சோதனைச் சர்வர்) வந்தது. எங்கள் பக்கம் கோடு மாறாததால் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் சர்வர்தானே தப்பாக அனுப்புகிறது? குரோமின் நெட்வொர்க் டேபில் ப்ரிவியூவைப் பார்த்தேன், அங்கேயும் 500 என்றுதான் முடிகிறது.

அரைப்புள்ளி
சர்வர் சரியாகத்தான் அனுப்புகிறது. ப்ரிவியூவுக்குப் பக்கத்திலேயே ரெஸ்பான்ஸ் என்று ஒரு டேப் இருக்கிறது, அதைத் திறங்கள். அங்கே 517 என்று முடியும். ப்ரிவியூ காட்டுவது ஜாவாஸ்கிரிப்ட் படித்துப் புரிந்துகொண்ட மதிப்பு, ரெஸ்பான்ஸ் காட்டுவது கம்பியில் வந்த எழுத்து. இந்த இரண்டு டேபுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் மூன்று மணி நேரம்.

நடப்பது இதுதான். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 64 பிட் மிதவைப் புள்ளி எண். முழு எண்ணைப் பிசகாமல் வைத்துக்கொள்ள அதில் 53 பிட்தான் இருக்கிறது. பத்திரமான உச்சம் 9007199254740991, பதினாறு இலக்கம். உங்கள் ஐடி பத்தொன்பது இலக்கம். அந்த அளவில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவில் 256 இடைவெளி விழுகிறது. 517ஐ அது பக்கத்தில் இருக்கும் தன் படிக்கட்டில் இறக்கி வைத்துவிடும். திரும்ப எழுத்தாக்கும்போது அந்தப் படியை அடையாளம் காட்டப் போதுமான இலக்கங்களை மட்டும் எழுதி, மீதியை 0 போட்டு நிரப்பும். அதனால்தான் 500. இன்னும் நாலைந்து ஆர்டர் போட்டுப் பாருங்கள், பிரவுசர் காட்டும் ஐடி எல்லாமே 00 என்று முடியும். கோ மொழியிலும் ஆண்ட்ராய்டின் கோட்லின் மொழியிலும் உண்மையான 64 பிட் முழு எண் இருப்பதால் அங்கே பிசகு இல்லை. கர்லில் நீங்கள் எழுத்தாக நகலெடுத்து ஒட்டினீர்கள், அங்கே எண்ணாக மாறவே இல்லை.

அந்த டீம் கொண்டுவந்தது ஸ்னோஃப்ளேக் வகை ஐடியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ட்விட்டர் 2010இல் கொண்டுவந்த அமைப்பு: 41 பிட் நேரம், 10 பிட் இயந்திரம், 12 பிட் வரிசை எண். கணக்குப் போட்டுப் பாருங்கள். நேரத்துக்குக் கீழே 22 பிட் இருக்கிறது. 53இல் அது போனால் மிச்சம் 31. 2இன் 31ஆம் அடுக்கு மில்லிவிநாடி என்பது 25 நாளுக்கும் சற்றுக் குறைவு. தொடக்க நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் இந்த ஐடிகள் ஜாவாஸ்கிரிப்டின் எல்லையைத் தாண்டிவிடும். ட்விட்டரே இதில் அடிபட்டுத்தான், ஐடியை ஸ்ட்ரிங்காகவும் (எழுத்துத் தொடராகவும்) ஒரு தனி ஃபீல்டில் சேர்த்து அனுப்பியது.

இன்று ராத்திரிக்கு ஒரே வழி: பதிலில் ஐடியை மேற்கோள் குறிக்குள் அனுப்புங்கள். கோ மொழியின் ஸ்ட்ரக்ட் டேகில் ஜேசன் (பதில் போகும் எழுத்து வடிவம்) பெயருக்குப் பின்னால் ஒரு கமா போட்டு ஸ்ட்ரிங் என்று சேர்த்தால் போதும், உள்ளே இன்ட்64 (64 பிட் முழு எண்) அப்படியே இருக்கும்.

நூல்கண்டு
சர்வரை ஏன் தொட வேண்டும்? பெரிய எண்களைப் பிசகாமல் படிக்கும் ஜேசன் லைப்ரரி ஒன்றை முன்பக்கத்தில் போட்டால் முடிந்தது.

அரைப்புள்ளி
உங்கள் முன்பக்கத்துக்கு முடிந்தது. நாளை இந்த ஏபிஐயை வெளியே ஒருவர் பயன்படுத்தும்போது அவரும் இதே மூன்று மணி நேரத்தைச் செலவழிப்பார். ஜேசனுக்கான ஆர்எஃப்சி 8259 இதைத் தெளிவாகவே சொல்கிறது: 53 பிட் எல்லைக்குள் இருக்கும் முழு எண்களைத்தான் எல்லாரும் ஒரே மதிப்பாகப் படிப்பார்கள் என்று நம்பலாம். கூகுளின் தரவு வடிவமான புரோட்டோபஃபை ஜேசனாக மாற்றும்போது 64 பிட் எண்ணை ஸ்ட்ரிங்காக எழுதுவதும் இதனால்தான்.

ஐடி பார்க்க எண் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். அதை யாரும் கூட்டுவதில்லை, சராசரி எடுப்பதில்லை. அது ஒரு பெயர். பெயரை எழுத்தாகத்தான் அனுப்ப வேண்டும்.

மூத்த_குயவன்
நான் சொன்னதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். லொகேஷன் ஹெடர் எழுத்துதான். க்ளையன்ட் அதைப் பின்தொடர்ந்திருந்தால் இந்த எண் ஜாவாஸ்கிரிப்டின் கைக்கே போயிருக்காது. நோய் ஐடியின் நீளத்தில் இல்லை, க்ளையன்ட் முகவரி கட்டுவதில் இருக்கிறது.

அரைப்புள்ளி
இந்த ஒரு கெட்டுக்கு நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருபது ஆர்டர் பட்டியலாக வரும்போது? ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் ஐடி, பொருள் ஐடி என்று பாடிக்குள்ளேயே இருக்குமே.

மூத்த_குயவன்
அங்கேயும் இணைப்பு கொடுக்க வேண்டும். ஐடி கொடுக்கக் கூடாது.

வாசற்படி
ஒரு விஷயம். ஏபிஐ வேறு சப்டொமைனில் இருந்தால் பிரவுசர் கோடால் லொகேஷன் ஹெடரைப் படிக்கவே முடியாது. கோர்ஸின் எக்ஸ்போஸ் ஹெடர்ஸ் அமைப்பில் அதைத் தனியாக அனுமதித்தால்தான் தெரியும், இல்லாவிட்டால் ‘நல்’ (வெற்று மதிப்பு) வரும். கோர்ஸ் இங்கே வந்துதான் தீரும்.

பின்கட்டு
வாசற்படி சொல்வது உண்மை, நான் இதில் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். 201 வந்திருக்கும், ஹெடர் டேபில் லொகேஷன் கண்ணுக்குத் தெரியும், கோடில் கேட்டால் ‘நல்’.

ஆனால் ஸ்ட்ரிங்காக மாற்றுவதிலும் ஆபத்து இருக்கிறது. நாளை காலை ரிலீஸ் என்கிறார். ஆண்ட்ராய்டு ஆப் ஏற்கெனவே வெளியே இருக்கிறது, அது எண்ணை எதிர்பார்க்கிறது. மேற்கோளுக்குள் வந்த எண்ணைச் சில லைப்ரரிகள் பொறுத்துக்கொள்ளும், சில பொறுக்காது. ஐபோன் மொழியான ஸ்விஃப்டில் கோடபிள் (ஜேசனைப் படிக்கும் வசதி) இன்ட்64 எதிர்பார்க்கும் இடத்தில் ஸ்ட்ரிங் வந்தால் டீகோடே விழுந்துவிடும். டைப்பை மாற்றுவது என்பது ஒப்பந்தத்தை உடைப்பது.

கிணற்றடி
அப்படியானால் வி2 (இரண்டாம் பதிப்பு) போடுங்கள், யுஆர்எல்லில்.

மூத்த_குயவன்
யுஆர்எல்லில் பதிப்பு எண் போடுவது தப்பு. பொருள் ஒன்றுதான், அதன் வடிவம்தான் மாறுகிறது. அதற்கு ஹெடர் இருக்கிறது. கிட்ஹப் 2022-11-28 போன்ற ஒரு தேதியைப் பதிப்பாக ஹெடரில்தான் கேட்கிறது, யுஆர்எல்லைத் தொடவில்லை.

கிணற்றடி
ஹெடரில் இருந்தால் லாகில் எந்தப் பதிப்பை யார் கூப்பிட்டார்கள் என்று பார்க்கவே முடிவதில்லை. பிரவுசரில் ஒட்டிப் பார்க்க முடிவதில்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு யுஆர்எல் கண்ணெதிரே இருக்கிறது. பத்து பேர் பயன்படுத்தும் ஏபிஐக்கு எதற்கு இந்தச் சுற்று?

மூத்த_குயவன்
லாகில் ஹெடரையும் எழுதச் சொல்லலாம். ஒரு வரி அமைப்பு. சோம்பலைக் கொள்கை ஆக்க வேண்டாம்.

நூல்கண்டு
இதற்குப் பதில் யுயுஐடி (எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட ஐடி) போட்டிருந்தால் தொல்லையே இல்லை. 2024இல் வந்த ஆர்எஃப்சி 9562இல் ஏழாம் வகை இருக்கிறது, நேர வரிசையிலும் நிற்கும், எழுத்தாகவும் இருக்கும்.

அரைப்புள்ளி
நல்ல யோசனைதான், ஆனால் இன்று ராத்திரி அவரால் இன்னொரு டீமின் ஐடியை மாற்ற முடியாது. பதிப்புச் சண்டையும் இவருக்கு இப்போது வேண்டாம். இருக்கும் ஐடி ஃபீல்டைத் தொடாதீர்கள். பக்கத்திலேயே ஸ்ட்ரிங்காக இன்னொரு ஃபீல்டு சேருங்கள். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பெரும்பாலான க்ளையன்ட்கள் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும், ஆனாலும் ஆண்ட்ராய்டு ஆப்பில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ரியாக்ட் பக்கம் புது ஃபீல்டை மட்டும் படிக்கட்டும். ஆர்டர் ஐடியோடு நிற்காமல் வாடிக்கையாளர், பொருள், பில் என்று அந்த டீம் மாற்றிய எல்லா ஐடிகளுக்கும் செய்யுங்கள்.

இன்னொன்று. உங்கள் ரியாக்ட் கோடு அந்த ஐடியைத் திரும்ப எங்கேயாவது போஸ்ட் செய்கிறதா? பணம் திருப்புவது, ரத்து செய்வது மாதிரி? வட்டமாக்கிய எண் இன்னொரு உண்மையான ஆர்டரின் எண்ணாக அமைந்துவிட வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அப்போது 404 வராது, வேறு ஒருவருடைய ஆர்டர் ரத்தாகும். ரிலீஸுக்கு முன்னால் அதைத் தேடிப் பாருங்கள்.

அரைத்தூக்கம்
ரெஸ்பான்ஸ் டேபில் 517. அதேதான். தனி ஃபீல்டு சேர்த்தாயிற்று, மூன்று இடத்தில் மாற்றினேன், கெட் 200 வருகிறது, ஆண்ட்ராய்டும் ஓடுகிறது. எல்லாருக்கும் மிக்க நன்றி, தூங்கப் போகிறேன்.

பின்கட்டு
மகிழ்ச்சி. ரத்து செய்யும் பட்டனைப் பார்த்தீர்களா? அது அந்த மூன்று இடத்தில் ஒன்றா?

அரைப்புள்ளி
அரைத்தூக்கம், எழுந்ததும் முதலில் அதற்குப் பதில் போடுங்கள்.