இருட்டறையில் தொடங்கிய கேமரா வகுப்பு

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 20 பேருக்கு ஒரு பருவம் முழுக்கப் புகைப்படக்கலை சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை), ஷட்டர் (ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவு), ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறனின் அளவு) மூன்றையும் கரும்பலகையில் முக்கோணம் போட்டு விளக்கினேன். நோட்டில் அழகாக எழுதிக்கொண்டார்கள். கேமரா கைக்கு வந்ததும் எல்லாரும் கேமராவே எல்லாவற்றையும் முடிவுசெய்யும் ஆட்டோ முறையில் வைத்து அமுக்கினார்கள்.

அடுத்த வாரம் கேமராவையே கொண்டு போகவில்லை. வகுப்பறை ஜன்னல்களைக் கறுப்புத் தாளால் அடைத்தோம், கதவிடுக்கில் துணி செருகினோம். ஒரு தாளில் மட்டும் 1 செ.மீ. அளவில் ஓட்டை. கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் ஆகும். அதுவரை ஒரே சலசலப்பு. அப்புறம் ஒரு பையன் கத்தினான்: "சார், மரம் தலைகீழா நிக்குது!"

எதிர்ச் சுவரில் மைதானம் மேலே, வானம் கீழே. காரணத்தை நான் சொல்லவில்லை. மேலிருந்து நேர்கோட்டில் வரும் ஒளி ஓட்டையைத் தாண்டினால் கீழேதான் விழும் என்று அவர்களே கோடு போட்டுக் கண்டுபிடித்தார்கள். ஓட்டையைப் பெரிதாக்கினோம்; வெளிச்சம் கூடியது, கிளைகள் மங்கின. அதில் பூதக்கண்ணாடியை வைத்து, ஒரு சாண் தள்ளி டிரேசிங் தாளைப் பிடித்தோம். வெளிச்சம் குறையாமல் கிளைகள் தெளிந்தன. லென்ஸ் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. 1826, 1827 வாக்கில் பிரான்சைச் சேர்ந்த புகைப்பட முன்னோடி நியெப்ஸ் இப்படி ஒரு பெட்டிக்குள் விழுந்த ஜன்னல் காட்சியைத்தான் தகட்டில் பதித்தார், அதற்குப் பல மணி நேரம் பிடித்தது என்றேன். "அப்போ ஷட்டர்ங்கிறது நேரம்தானா?" என்று ஒரு மாணவி கேட்டாள். முதல் நாள் கரும்பலகையில் எழுதிப்போட்டதும் அதைத்தான்!

பிறகு கேமராக்களைக் கொடுத்தேன். ஆளுக்கு 12 படம், எதையும் அழிக்கக் கூடாது. மனிதர்களை எடுப்பதென்றால் கேட்டுவிட்டுத்தான். இந்த இரண்டில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.

அந்த மாணவி பள்ளிக் காவலாளியை எடுக்கப் போனாள். "முகம் வேண்டாம்மா, வேணும்னா கையை எடுத்துக்கோ" என்றார் அவர். சரியென்று உட்கார்ந்தாள். கேமராவைத் தூக்கவில்லை. அவர் சாவிக்கொத்தோடு வாசலோரம் நகர்ந்து, பக்கவாட்டு வெளிச்சம் விரல்களில் விழும்வரை காத்திருந்தாள். ஒரே ஒரு படம். மீதி 11 படத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டாள்.