வால் எலும்புக் கட்டி எடுத்த 5 மாதக் குழந்தை: இறங்கிக்கொண்டிருந்த ஏ.எஃப்.பி மறுபடி ஏறுகிறது

கேள்வி – தென்பொதிகை (குழந்தைநலம், மாவட்ட அளவிலான மருத்துவமனை)

பெண் குழந்தை, 5 மாதம், 6.4 கிலோ. பிறந்த 6-ஆம் நாள் சேக்ரோகாக்சிஜியல் டெரடோமா (வால் எலும்பருகே பலவகைத் திசுக்கள் கலந்து வளரும் கட்டி), ஆல்ட்மன் வகை 2 (வெளியே தெரிந்தாலும் இடுப்புக்குள்ளும் நீண்டது), வேறு ஊரில் எடுத்திருக்கிறார்கள். பயாப்ஸி: முதிராத டெரடோமா, கிரேடு 2. டிஸ்சார்ஜ் தாளில் "கட்டி முழுமையாக அகற்றப்பட்டது" என்று இருக்கிறது; வால் எலும்பைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கீமோ கொடுக்கவில்லை.

ஏ.எஃப்.பி (கருவில் சுரக்கும் புரதம், சில கட்டிகளிலும் ரத்தத்தில் ஏறும்): 2 மாதத்தில் 390, 3 மாதத்தில் 140, இப்போது 310 நானோகிராம்/மி.லி. மூன்றையுமே லேப் "அதிகம்" என்று குறியிட்டுக் கொடுத்ததால், பெற்றோர் முதல் ரிப்போர்ட்டிலிருந்தே பயந்துபோயிருக்கிறார்கள். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, வெளியே வீக்கம் இல்லை, கல்லீரல் பரிசோதனைகள் நார்மல். இது மறுகட்டிதானா? பெரிய மையத்துக்கு அனுப்பும் முன் இங்கேயே என்ன செய்து முடிக்கலாம்?

பதில் 1 – மருதம் (குழந்தைப் புற்றுநோய்)

லேப் தாளில் அச்சாகியிருக்கும் "10-க்குக் கீழ்" பெரியவர்களுக்கான அளவு. பச்சிளம் குழந்தைக்கு அதை வைத்துப் பார்க்கவே கூடாது. வூ குழுவினர் 1981-ல் வெளியிட்ட அட்டவணைதான் இன்றும் கையில் இருக்க வேண்டியது: பிறந்தவுடன் சராசரி 48,000 அளவில், 2 மாதத்தில் 323 (±278), 3 மாதத்தில் 88 (±87), 4 மாதத்தில் 74 (±56), 5 மாதத்தில் 46 (±19), 6 மாதத்தில் 12 (±10). எட்டாவது மாத வாக்கில்தான் பெரியவர் அளவுக்கு வந்து சேரும்.

அதன்படி உங்கள் 390 சாதாரணம். 140-ம் எல்லைக்குள்தான். அந்த இரண்டுக்கும் பெற்றோர் பயந்திருக்கத் தேவையில்லை, அதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இப்போதைய 310-தான் கவலை. இந்த வயதுக்கு மிக அதிகம் என்பது ஒன்று. இறங்கியது திரும்பி ஏறியிருக்கிறது என்பது அதைவிட முக்கியம். மெதுவாக இறங்கினால் பொறுத்துப் பார்க்கலாம். ஏறினால் வேறு காரணம் நிரூபணமாகும்வரை மறுகட்டி என்றே நடந்துகொள்ள வேண்டும்.

ஆனால் ஒரே எண்ணை வைத்துக் கீமோ தொடங்க முடியாது. முதலில் மூன்று சாம்பிளும் ஒரே லேபா, ஒரே அலகா என்று பாருங்கள். சில லேப்கள் ஐ.யூ/மி.லி-யில் கொடுக்கும், 1 ஐ.யூ என்பது சுமார் 1.2 நானோகிராம். ஏழு முதல் பத்து நாளில் அதே லேபில் மறுபடி எடுங்கள். கூடவே பீட்டா எச்.சி.ஜி, எல்.டி.எச் (இவையும் கட்டியைக் காட்டக்கூடிய ரத்தப் பரிசோதனைகள்). கல்லீரல் அழற்சி, பித்தநாளக் கோளாறு, டைரோசினீமியா (பிறவி வளர்சிதைக் கோளாறு), ஹெபடோபிளாஸ்டோமா (குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோய்) இவையும் ஏ.எஃப்.பி-யை ஏற்றும். என்சைம் நார்மல் என்று விட்டுவிடாமல் வயிற்று அல்ட்ராசவுண்டில் கல்லீரலை முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ரிப்போர்ட்டுகளுக்காகக் காத்திருந்து எம்.ஆர்.ஐ-யைத் தள்ளிப்போட வேண்டாம்.

பதில் 2 – சிறுகத்தி (குழந்தை அறுவை)

டிஸ்சார்ஜ் தாள் போதாது. அறுவை செய்த இடத்திலிருந்து ஆபரேஷன் நோட்டையே வாங்குங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டின் "பார்வைக்குத் தெரிந்தவை" பகுதியில் வால் எலும்பு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வால் எலும்பை எடுத்ததாக நோட்டில் எழுதியிருந்தும் ரிப்போர்ட்டில் இல்லையென்றால் நான் ரிப்போர்ட்டைத்தான் நம்புவேன். வால் எலும்பை விட்டுவைத்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கட்டி திரும்பியதை கிராஸ் குழுவினர் 1951-லேயே எழுதிவிட்டார்கள். கட்டி தொடங்குவதே அந்த எலும்பின் முனையில்தான். அதைத் தொடாமல் கட்டியை மட்டும் உரித்தெடுப்பது முழு அறுவை ஆகாது.

எலும்பு இருக்கிறதா என்று அறிய எக்ஸ்ரே எடுக்காதீர்கள். இந்த வயதில் அது பெரும்பாலும் குருத்தெலும்பு, நிழலே விழாது. "இல்லை" என்று தவறாக முடிவாகிவிடும். எம்.ஆர்.ஐ-யில் பக்கவாட்டு வெட்டுகளில் தெரியும்.

இன்றே உங்கள் கையால் செய்ய வேண்டியது மலக்குடல் பரிசோதனை. சுண்டுவிரல், நிறைய ஜெல். சேக்ரத்தின் (வால் எலும்புக்கு மேலே உள்ள எலும்பு) உட்புறக் குழிவு முழுவதையும் பின்பக்கமாகத் தடவிப் பாருங்கள். வெளியே தழும்பு சுத்தமாக இருக்கும், உள்ளே சேக்ரத்துக்கு முன்னால் கட்டி வளர்ந்துகொண்டிருக்கும். இந்தக் குழந்தைகளின் தொடர்கண்காணிப்பில் அதிகம் விட்டுப்போவது இதுதான். மூன்று வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏ.எஃப்.பி-யோடு இதையும் செய்ய வேண்டும். மலச்சிக்கல், சிறுநீர் சொட்டுவது, கால் அசைவில் வித்தியாசம் உண்டா என்றும் கேளுங்கள். சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை அல்ட்ராசவுண்டிலேயே அளந்துவிடலாம்.

ஸ்கேனுக்கு ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிப்பதானால் நெஞ்சு சி.டி முதலில், எம்.ஆர்.ஐ பிறகு. நீண்ட மயக்கத்தில் நுரையீரலின் பின்பகுதி சுருங்கும், அது சி.டி-யில் பரவிய கட்டி போலவே தெரிந்து நோயின் நிலையையே மாற்றிவிடும். எம்.ஆர்.ஐ இடுப்பும் கீழ்முதுகும் சேர்த்து, கான்ட்ராஸ்ட்டோடு; முதுகுத்தண்டுக் கால்வாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள்.

பதில் 3 – நுண்ணோக்கி (நோய்க்குறியியல்)

பழைய பாரஃபின் பிளாக்குகளையும் (மெழுகில் பதித்த கட்டித் துண்டுகள்) ஸ்லைடுகளையும் வரவழையுங்கள், ரிப்போர்ட் தாளை மட்டுமல்ல. சிசுக்களின் முதிராத டெரடோமாவுக்குள் யோக் சாக் ட்யூமர் (ஏ.எஃப்.பி சுரக்கும் புற்றுக்கட்டி) சில மில்லிமீட்டர் தீவுகளாக ஒளிந்திருக்கும். கருவின் குடல், கல்லீரல் திசுவைப் போலவே தோன்றுவதால் எளிதில் தவறிப்போகும். பெரிய கட்டியில் சில துண்டுகளை மட்டும் வெட்டிப் பார்த்திருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். ஒவ்வொரு சென்டிமீட்டர் விட்டத்துக்கும் குறைந்தது ஒரு துண்டு வேண்டும். எஸ்.ஏ.எல்.எல்-4, கிளிபிகன்-3, ஏ.எஃப்.பி சாயங்கள் (யோக் சாக் செல்களை அடையாளம் காட்ட உதவுபவை) போட்டு மறுவாசிப்பு கேளுங்கள். புதிதாக பயாப்ஸி எடுப்பதானால் பின்புறத் தோல் வழியாக எடுக்கட்டும். மலக்குடல் வழியாக ஊசி போக வேண்டாம். தொற்றும் வரும், பின்னர் அந்த ஊசித் தடத்தைச் சேர்த்து வெட்டியெடுக்கவும் முடியாது.

தென்பொதிகை

நன்றி சார். விரல் பரிசோதனையில் பின்பக்கம் சுமார் 2 செ.மீ-க்குக் கெட்டியாகத் தட்டுப்படுகிறது. நாளைக்கே அனுப்புகிறேன். யோக் சாக் என்று உறுதியானால் மறுபடி அறுவையா, கீமோ முதலிலா? இடையிடையே குழந்தை இங்கேதான் வரும், அதனால் மருந்தளவும் தெரிந்திருக்க வேண்டும்.

பதில் 4 – மருதம்

யோக் சாக் என்று உறுதியானால் கீமோ முதலில். சுருங்கியபின் மிச்சத்தை வால் எலும்போடு எடுப்பார்கள். இப்போதே அவசரமாக வெட்டினால் முழுமையாக வராது, கட்டி உடைந்து சிந்தும், சிறுநீர், மல நரம்புகளுக்கும் ஆபத்து. பிளாட்டினம் மருந்துகளுக்கு இந்தக் கட்டி நன்றாகவே கரையும். மாறாக, ஸ்லைடு மறுவாசிப்பிலும் புது பயாப்ஸியிலும் டெரடோமா மட்டுமே இருந்தால் கீமோவுக்கு அது பணியாது; அங்கே அறுவைதான் வைத்தியம்.

சிசுவுக்குப் பெரும்பாலும் பிரிட்டிஷ் ஜே.இ.பி முறை (கார்போபிளாட்டின், எட்டோபோசைடு, பிளியோமைசின் சேர்ந்த கீமோ) வசதி. சிஸ்பிளாட்டினைவிடக் கார்போபிளாட்டினில் காதுக்கும் சிறுநீரகத்துக்கும் பாதிப்பு குறைவு. எட்டோபோசைடு 120 மி.கி/ச.மீ மூன்று நாள், கார்போபிளாட்டின் 600 மி.கி/ச.மீ இரண்டாம் நாள், பிளியோமைசின் 15 மி.கி/ச.மீ மூன்றாம் நாள். ஆனால் ஒரு வயதுக்குள் உடல்பரப்பில் கணக்கிடக் கூடாது. 30-ஆல் வகுத்துக் கிலோவுக்கு மாற்ற வேண்டும். இந்தக் குழந்தைக்குப் பரப்பு 0.34 ச.மீ, அதன்படி கார்போபிளாட்டின் 204 மி.கி வரும். கிலோவுக்கு 20 மி.கி என்றால் 128 மி.கி. இந்த வித்தியாசத்தில்தான் தட்டணுக்கள் பாதாளத்துக்குப் போகின்றன. சில மையங்கள் சிறுநீரக வடிகட்டும் வேகத்தை அளந்து போடும், அது இன்னும் நல்லது. பிளியோமைசினைச் சிசுக்களுக்குக் குறைத்தோ முற்றிலும் விலக்கியோ கொடுப்பவர்கள் உண்டு. எனவே இறுதி அளவு சிகிச்சை மையத்தின் சீட்டுதான்.

முதல் சுற்றுக்குப் பிறகு சில நாள் ஏ.எஃப்.பி இன்னும் ஏறலாம். செல்கள் உடைந்து கொட்டுவது அது. இரண்டாம் சுற்றுக்கு முன் எடுத்து ஒப்பிடுங்கள். ஏ.எஃப்.பி இறங்கிக்கொண்டே இருக்க, கட்டி மட்டும் பெரிதானால் அது முதிர்ந்த டெரடோமா வளர்வது. மருந்தை மாற்றிப் பயனில்லை, அறுவைக்குத்தான் போக வேண்டும்.

பதில் 5 – ஐ.வி.கூடம் (மருந்தகம், கீமோ கலப்பு)

எட்டோபோசைடை 0.4 மி.கி/மி.லி-க்கு மேல் கலந்தால் படிகம் விழும். இந்தக் குழந்தைக்குக் கிலோவுக்கு 4 மி.கி வீதம் வரும் 25.6 மி.கி-க்கு குறைந்தது 64 மி.லி சலைன். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள், வேகமாகப் போனால் ரத்த அழுத்தம் சரியும். கார்போபிளாட்டின் 5% டெக்ஸ்ட்ரோஸில். ஆன்டான்செட்ரான் (வாந்தித் தடுப்பு மருந்து) கிலோவுக்கு 0.15 மி.கி, அதாவது சுமார் 1 மி.கி.

உங்களிடம் வரும் இடைவெளியில் கவனிக்க வேண்டியது: தட்டணு இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான் அடிமட்டம் தொடும், முதல் வார ரிப்போர்ட் நன்றாக இருப்பதை நம்பாதீர்கள். காய்ச்சல் 38.3 டிகிரி செல்சியஸ் தாண்டினால் கல்ச்சர் எடுத்து, முதல் மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக். பிளியோமைசின் அன்றிரவு காய்ச்சல் கொடுக்கும் என்றாலும், வெள்ளணு குறைந்திருந்தால் அப்படி விட்டுவிட வேண்டாம். ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா உட்பட உயிருள்ள தடுப்பூசிகளைக் கீமோ முடிந்து ஆறு மாதம்வரை நிறுத்திவையுங்கள். பிளியோமைசின் போயிருந்தால் பின்னால் வரும் அறுவைக்கு மயக்க மருத்துவரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதிக ஆக்சிஜனும் அதிகத் திரவமும் நுரையீரலைப் பாதிக்கும்.