கனடாவில் முதல் சேஃப்டி பூட்ஸ்: பச்சை முக்கோணமும் பால் பையும்

"திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், சேஃப்டி பூட்ஸ் இல்லாமல் வராதே என்கிறார்கள், எதை வாங்குவது?" போன வாரம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவருக்கு டொரன்டோ பக்கத்து பிராம்ப்டனில் வேர்ஹவுஸ், ஒருவருக்குக் கட்டட வேலை, இன்னொருவருக்குக் கோழிக்கறி பேக் செய்யும் ஃபேக்டரி. மூன்று பேருக்கும் ஒரே பூட்ஸைக் கைகாட்ட முடியாது, அதனால்தான் இது நீளமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இருப்பது ஒன்டாரியோ, எனக்கு இது எட்டாவது குளிர்காலம். வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் சட்ட விவரத்தை மட்டும் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். சேறும் பனியும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

முதலில், ஊரிலிருந்து பூட்ஸ் வாங்கிக்கொண்டு வராதீர்கள். வளைகுடாவிலிருந்து வருபவர்களுக்கும் இதையே சொல்கிறேன். என்னோடு அறையில் இருந்தவர் துபாயில் சைட்டில் வேலை பார்த்தவர், அங்கே போட்ட எஸ்3 பூட்ஸை ஆசையாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட புதுசு, நல்ல தோல். முதல் நாள் காலை ஆறரை மணிக்கு சைட் வாசலில் சூப்பர்வைசர் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, நேராகக் கணுக்காலைப் பார்த்தார், அங்கே பச்சை முக்கோணம் இல்லை, வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார். இரண்டு பஸ் மாறி வந்தவர் இரண்டு பஸ் மாறித் திரும்பினார், அன்றைய சம்பளமும் போச்சு. இந்தியாவின் ஐ.எஸ். 15298 முத்திரையும் ஐரோப்பாவின் எஸ்3 குறியும் 200 ஜூல் (விரல்மேல் விழும் அடியைத் தாங்கும் அளவு) என்று போட்டிருக்கும், இங்கே கேட்பது 125 ஜூல்தான். எண்ணைப் பார்த்தால் நம்முடையது பெரிசு. ஆனால் சோதனை முறை வேறு, முத்திரை வேறு, வாசலில் நிற்பவருக்கு அந்த விளக்கமெல்லாம் தேவையில்லை. அவருக்கு சி.எஸ்.ஏ. என்ற கனடாவின் தர நிர்ணய அமைப்பின் முத்திரை கண்ணில் படவேண்டும், அவ்வளவுதான்.

அந்த முத்திரைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பச்சை முக்கோணம் என்றால் முன்பக்கம் முதல் தரக் கவசம் (125 ஜூல், ஏறக்குறைய 23 கிலோ எடை அரை மீட்டருக்குச் சற்று மேலிருந்து விரல்மேல் விழுவதைத் தாங்கும்), அதோடு சோலுக்குள் ஆணி ஏறாத தகடும் உண்டு. ஒன்டாரியோவின் கட்டுமான விதிமுறை 213/91 இந்த இரண்டையும் கட்டாயம் கேட்கிறது. மஞ்சள் முக்கோணத்திலும் தகடு உண்டு, ஆனால் விரல் கவசம் 90 ஜூல்தான், கட்டட வேலைக்கு ஆகாது. நீலச் செவ்வகத்தில் விரல் கவசம் முதல் தரம், ஆனால் தகடு இல்லை. தள்ளுபடிக் கூடையில் பெரும்பாலும் கிடப்பது இந்த நீலமும் மஞ்சளும்தான், விலையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வெள்ளைச் செவ்வகத்தில் ஆரஞ்சு நிறத்தில் குதிரை லாடம் மாதிரி ஒரு குறி இருக்கும், அது கிரேக்க எழுத்து ஓமேகா, மின்சார அதிர்ச்சியைத் தடுக்கும் சோல் என்று பொருள். 18,000 வோல்ட்டில் சோதிக்கிறார்கள், ஆனால் உலர்ந்த நிலையில். சோல் நனைந்தாலோ தேய்ந்தாலோ அதை நம்பி வயர் மேல் கால் வைக்க வேண்டாம். சரி, குழப்பமாக இருந்தால் பச்சை முக்கோணமும் ஓமேகாவும் சேர்ந்தே உள்ளதை வாங்கிவிடுங்கள், வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி எங்கே அனுப்பினாலும் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள்.

இனி நனையும் கதை.

என் முதல் நவம்பரில் எழுபது டாலருக்கு ஒரு ஜோடி வாங்கினேன். பச்சை முக்கோணம் இருந்தது, அட்டையில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றும் இருந்தது. 'தண்ணீர்' என்று ஒரு வார்த்தை வந்தாலே போதும் என்று நினைத்துவிட்டேன். வேலை வேர்ஹவுஸ் என்றாலும் டிரெய்லர் யார்டில் வெளியே நிற்கவேண்டும். பாதி உருகிய பனி, அதில் உப்பு, டீசல், கறுப்புக் கஞ்சி மாதிரி கணுக்கால் வரை கிடக்கும். பத்து மணி பிரேக்குக்குள் சாக்ஸைப் பிழிந்தால் சொட்டியது. பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் லாக்கரைத் திறந்து இரண்டு காலி பால் பைகளை நீட்டினார். இங்கே பால் நாலு லிட்டர் பையில் வரும், உள்ளே மூன்று சின்னப் பை, வெளியே ஒரு பெரிய பை, பார்த்திருப்பீர்கள். அந்தப் பெரிய பையை சாக்ஸ் மேல் மாட்டி, அதன்மேல் பூட்ஸ். இரண்டு வாரம் நான் நடக்கும்போது சரக் சரக் என்று சத்தம் வரும். வெளித்தண்ணீர் வரவில்லைதான், ஆனால் என் வேர்வையிலேயே கால் ஊறி விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தது. ஊரில் நாற்று நடுகிறவர்களுக்கு வரும் அதே புண், இங்கே எட்டாயிரம் மைலுக்கு அப்பால், பனியில்.

அதிலிருந்து நான் புரிந்துகொண்டது: கடைக்குப் போவதற்கு முன், என் காலுக்கு ஈரம் எங்கிருந்து வரப்போகிறது என்று யோசிக்கவேண்டும்.

நாள் முழுக்க உள்ளேயே, காய்ந்த கான்கிரீட் தரையில் பொருள் எடுத்துப் பெட்டியில் போடும் வேலை என்றால் வாட்டர்ப்ரூஃப் வேண்டவே வேண்டாம். காற்றோட்டமான லேசான சேஃப்டி ஷூ போதும், அதிகக் காசு கொடுத்து வேர்வையை வாங்காதீர்கள். பிராம்ப்டன் தம்பி, நீங்கள் முதலில் சூப்பர்வைசரிடம் கேளுங்கள், யார்டில் நிற்கவேண்டுமா என்று.

யார்டு, ரோடு வேலை, லேண்ட்ஸ்கேப்பிங், பனி அள்ளுவது என்றால் உள்ளே மெம்பிரேன் வைத்த தோல் பூட்ஸ். கோர்-டெக்ஸ் என்ற பெயர் கேட்டிருப்பீர்கள், மற்ற கம்பெனிகளும் சொந்தப் பெயரில் இதையே வைக்கின்றன. தண்ணீர்த் துளி புகமுடியாத, ஆனால் வேர்வை ஆவி வெளியேறக்கூடிய அளவுக்கு நுண்ணிய துளைகள் கொண்ட மெல்லிய படலம். வெளித்தோல் ஊறிப்போய்க் கனத்துவிட்டால் ஆவியும் போகாது, அதனால்தான் தோலுக்கு மெழுகு தடவச் சொல்கிறார்கள். கடையில் கையில் எடுத்ததும் லேஸைத் தளர்த்தி, அதற்கு அடியில் இருக்கும் நாக்கைப் பாருங்கள். நாக்கின் இரண்டு ஓரமும் பூட்ஸோடு மடிப்பாகச் சேர்த்துத் தைத்திருக்கவேண்டும், எவ்வளவு உயரம் வரை தைத்திருக்கிறதோ அவ்வளவு உயரம் வரைதான் அது வாட்டர்ப்ரூஃப். நாக்கு தனியாக ஆடினால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் லேஸ் வழியே தண்ணீர் வரும். ஆறு இன்ச் உயரத்தைவிட எட்டு இன்ச் நல்லது, பனி மேல்வழியாக உள்ளே விழாது.

கட்டட வேலைக்காரர் கவனிக்கவேண்டியது வேறு. கான்கிரீட் ஊற்றும் நாளில் தோல் பூட்ஸ் போடாதீர்கள், பச்சை முக்கோணம் உள்ள ரப்பர் பூட்ஸ் போடுங்கள். ஈரமான சிமென்ட் கடுமையான காரம் (ஆல்கலி), நம் கால் தோலை அரிக்கும். கொடுமை என்னவென்றால் உடனே எரியாது. பூட்ஸுக்குள் கொஞ்சம் கலவை போனால் ஏதோ ஈரம் என்றுதான் தோன்றும், சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வரும். உள்ளே போனது தெரிந்தால் அந்த இடத்திலேயே கழற்றி நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும், ஃபோர்மேன் முறைப்பார் என்று பார்க்காதீர்கள். மழைக்கோட் பேன்ட்டை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள், உள்ளே செருகினால் அதுவே புனல். ரப்பர் பூட்ஸ் தோல் பூட்ஸைவிட மலிவு, அதை லாக்கரில் தனியாக வைத்துக்கொள்வது லாபம்.

கறி ஃபேக்டரி, மீன், பால் பொருள், எல்லாம் குழாய் வைத்துத் தரையை அடித்துக் கழுவுகிற இடங்கள். அங்கேயும் ரப்பரோ பாலியூரித்தேனோ, பெரும்பாலும் வெள்ளை நிறம்தான் கேட்பார்கள். கொழுப்பும் சோப்புத் தண்ணீரும் கலந்த தரையில் வழுக்குவதுதான் பெரிய ஆபத்து, சோலை முதலில் பாருங்கள். சில இடத்தில் அவர்களே கொடுத்துவிடுவார்கள், வாங்குமுன் கேளுங்கள்.

குளிருக்கு வருவோம். அட்டையில் 200 கிராம், 400 கிராம், 600 கிராம் என்று இருக்கும். பூட்ஸின் எடை என்று நினைத்து நான் 200 கிராம் பூட்ஸைத் தூக்கிப் பார்த்து, இதுவா இருநூறு கிராம் என்று கடைப்பையனிடம் சண்டைக்குப் போனவன். அது உள்ளே வைத்த குளிர்காப்புப் பஞ்சின் அளவு, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று. ஓடியாடிச் சுமப்பவர்களுக்கு 200 போதும், ரோட்டில் நின்ற இடத்திலேயே நின்று வண்டிகளை நிறுத்தி விடுகிறவர்களுக்கு 600 வேண்டும். ஒன்று தெரியுமா, மைனஸ் இருபதில் கால் அவ்வளவாக வெளியிலிருந்து நனையாது, பனி மாவு மாதிரி உதிரும். நனைப்பதெல்லாம் நவம்பரும் மார்ச்சும்தான், பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே கீழே ஆடும் நாட்கள். ஜனவரிக்குப் பயந்து மொத்தப் பஞ்சு வாங்கி, மார்ச்சில் வேர்வையில் ஊறுகிறவர்கள் நிறைய. வருடத்துக்கு ஒரே ஜோடிதான் முடியும் என்றால் நான் 200-க்கு ஓட்டுப் போடுவேன், மீதிக் குளிரைக் கம்பளி சாக்ஸ் பார்த்துக்கொள்ளும். பருத்தி சாக்ஸை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், நனைந்தால் அது காயாது. விரல் கவசம் இரும்பா (ஸ்டீல் டோ), உலோகமில்லாத காம்போசிட்டா என்றால், வெளியே நிற்கும் வேலைக்கு நான் காம்போசிட்தான் போடுகிறேன், எடையும் குறைவு.

அளவு. இந்தியாவில் 8 போடும் ஆணுக்கு இங்கே 9. எனக்கு ஊரில் 9, இங்கே வந்தும் 9 என்று கேட்டு வாங்கிப் பெருவிரல் நகம் கறுத்ததுதான் மிச்சம். செருப்புப் போட்டே வளர்ந்த பாதம் நமக்கு, முன்பக்கம் விரிந்திருக்கும், அகலம் 2ஈ என்று கேளுங்கள், அதுவும் இறுக்கினால் 4ஈ. தோல் நாளாவட்டத்தில் இளகும், விரல் கவசம் ஒருநாளும் இளகாது. சாயங்காலமாகப் போங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், வேலைக்குப் போடும் தடித்த சாக்ஸையே எடுத்துப்போய் இரண்டு காலிலும் போட்டு, கடைக்குள் பத்து நிமிடம் நடந்து, ஒருமுறை குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். யார் சிரித்தால் என்ன.

கடை என்றால் மார்க்ஸ் இருக்கிறது (தாடிக்காரர் இல்லை, தொழிலாளர் உடை விற்கும் கடை, பெயர்ப் பொருத்தம் அப்படி), கனேடியன் டயர் இருக்கிறது, வொர்க் அத்தாரிட்டி இருக்கிறது. நல்ல வாட்டர்ப்ரூஃப் ஜோடிக்கு நான் கொடுத்துவருவது 150 முதல் 220 டாலர். டிசம்பர் 26 பாக்ஸிங் டே வரை தாக்குப்பிடிக்க முடிந்தால் குறையும். பில்லை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளே டிஷ்யூ பேப்பர் திணித்து, பாத்டப்பில் நாக்குத் தையலுக்குக் கீழே நிற்கும் அளவு தண்ணீர் விட்டு பத்து நிமிடம் நிறுத்துங்கள். டிஷ்யூ ஈரமானால் மறுநாளே திருப்பிக் கொடுங்கள்.

வழுக்குவதைப் பற்றி ஒன்று. டொரன்டோவில் கைட் என்ற ஆய்வு நிறுவனம் பனித்தரையைச் சரித்துச் சரித்து, மனிதர்களை நடக்கவிட்டு பூட்ஸ்களைச் சோதிக்கிறது. ஏழு டிகிரி சரிவில் வழுக்காவிட்டால் ஒரு பனிச்செதில் (ஸ்னோஃப்ளேக்) குறி, 11 டிகிரிக்கு இரண்டு, 15-க்கு மூன்று. 'ரேட் மை ட்ரெட்ஸ்' என்று தேடினால் மாடல்வாரியாக வரும், சேஃப்டி பூட்ஸும் உண்டு. ஐஸ் மேல் நடக்கும் வேலை உள்ளவர்கள் வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

பராமரிப்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சாலை உப்புதான் தோலுக்கு எமன், வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், வினிகரில் தண்ணீர் கலந்து துடைத்துவிட்டு ஈரத்துணியால் ஒருமுறை துடைக்கவேண்டும். நனைந்த பூட்ஸை ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடிக்கும், சோல் ஒட்டு விடும். உள் சோலைக் கழற்றி வெளியே வைத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்துவிட்டுத் தூங்குங்கள். கனமான பொருள் விரல்மேல் விழுந்திருந்தால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்த ஜோடிக்கு வேலை முடிந்தது.

காசு கம்பெனி தருமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஏஜென்சி மூலம் போனால் பெரும்பாலும் நம் கையிலிருந்துதான். நிரந்தரமானதும் வருடத்துக்கு ஒரு தொகை தரும் இடங்கள் உண்டு, யூனியன் இருந்தால் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும், எச்.ஆரில் கேட்க வெட்கப்படாதீர்கள்.

பிராம்ப்டன் தம்பி, உங்களுக்கு ஊரில் 8 என்றால் எனக்கு இறுக்கிய அந்த 9 இன்னும் வீட்டில் கிடக்கிறது. பச்சை முக்கோணம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஒரு மாதம்கூடச் சரியாகப் போடவில்லை. தண்ணீர் தாங்காது, முன்பே சொல்லிவிட்டேன். முதல் சம்பளம் வரும்வரை உள்வேலைக்கு ஓட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போகலாம். பால் பையும் இரண்டு வைத்திருக்கிறேன்.